கடன் வாங்கின பத்து

போன வருஷம் ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு நான்காம் வகுப்பு அறையில் பாய் விரித்து, 31 கணக்குத் தாள்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு நாங்கள் ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எங்களுடையது பல்லடத்துக்கும் சோமனூருக்கும் நடுவில் இருக்கிற ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, நான் அதில் தலைமையாசிரியை. மேற்குச் சுவரை ஒட்டினாற்போல தறிக்குடோன், விசைத்தறி ஓடுகிற கொட்டகை. கரண்ட் இருக்கிற வரைக்கும் சடக் சடக் என்று ஓடிக்கொண்டே இருக்கும், புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் தலைவலி என்பார்கள், அப்புறம் கரண்ட் போனால்தான் அவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்.

எல்லாத் தாளிலும் ஒரே கணக்குதான். 42-லிருந்து 17-ஐக் கழிக்க வேண்டும். 31 பேரில் 14 பேர் 35 என்று எழுதியிருந்தார்கள். 14 பேரும் ஒரே தப்பு. 2-லிருந்து 7 போகாது, சரி, 7-லிருந்து 2-ஐ எடுத்துவிடு, 5 வந்துவிட்டது. 4-லிருந்து 1 போனால் 3. யோசித்துப் பார்த்தால் பிள்ளை சோம்பேறித்தனமாக எதுவும் செய்யவில்லை, தனக்குத் தெரிந்த ஒரு விதியை ஒழுங்காகப் போட்டிருக்கிறது.

மூன்றாம் வகுப்பு டீச்சர் தாளைப் பார்த்ததும் "கவனக் குறைவுங்க" என்றார். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், இருபது வருஷத்துக்கும் மேலாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது எங்களில் சின்னவர், ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரைக்கும் கணக்கு எடுக்கிறவர், பள்ளிக்கு வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது, அவர் கேட்டார்: "டீச்சர், நீங்க இதை எப்படிங்க சொல்லிக் கொடுப்பீங்க? எந்த வார்த்தை சொல்லுவீங்க?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கோபம் எல்லாம் இல்லை. எங்கள் சர்வீஸில் அந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்டதே இல்லை, அதனால்தான். பதில் ஒவ்வொன்றாக வந்தது. இரண்டாம் வகுப்பில் குச்சிக் கட்டை வைத்து "கட்டைப் பிரி" என்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் "பக்கத்து வீட்டுல ஒரு பத்து கடன் வாங்கு". நான்காம் வகுப்பில் புத்தகத்தில் இருக்கிறபடி "இனமாற்றம் செய்". ஒரே கணக்குக்கு மூன்று வகுப்பில் மூன்று பேச்சு. பிள்ளை பாவம், ஒவ்வொரு ஜூன் மாதமும் இது புதுக் கணக்கு என்று நினைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது.

அப்போது மூன்றாம் வகுப்பு டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் பிள்ளை எழுந்து நின்று, "டீச்சர், கடன் வாங்கின பத்தை எப்பத் திருப்பிக் குடுக்கறதுங்க?" என்று கேட்டதாம். "நான் சிரிச்சுட்டு உட்காரு கண்ணுன்னு சொல்லிட்டேனுங்க" என்றார். எங்கள் ஊரில் தறிக்குப் போகிறவர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு சேர்வதும், அதைக் கழிக்க முடியாமல் ஒரே குடோனில் வருஷக்கணக்கில் கிடப்பதும் பொடுசுகளுக்குக்கூடத் தெரியும். கடன் என்றால் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. நாங்கள் சொல்லிக்கொடுத்த கணக்கில் கடைசி வரைக்கும் யாரும் திருப்பிக் கொடுக்கவே இல்லை!

அன்று ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் பேசினோம். ஒன்று முதல் ஐந்து வரைக்கும் எல்லாரும் "பத்தைப் பிரிப்போம்" என்றே சொல்வது, குச்சிக் கட்டில் ஆரம்பிப்பது, நான்காம் வகுப்பில் மட்டும் "இதுக்குத்தான் புத்தகத்துல இனமாற்றம்னு பேரு" என்று சேர்த்துக்கொள்வது என்று முடிவு. அதை ஒரு நோட்டில் எழுதினோம். அந்த நோட்டைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. போன மாதம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் எல்லாம் கூடுகிற குறுவள மையக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். தலைப்பு, "பள்ளிகளைக் கற்கும் நிறுவனங்களாக வலுப்படுத்துதல்". தலைப்பைப் பார்த்ததும் எனக்கே கொட்டாவி வந்தது. பேசினேன், சரியாக வரவில்லை, கூட்டம் பாதிக்கு மேல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே சொல்ல நினைத்து விட்டுப்போனதைத்தான் இங்கே கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

"கற்கும் நிறுவனம்" என்கிற சொல் பள்ளிக்கூடத்தில் பிறந்ததில்லை. அமெரிக்காவில் பீட்டர் செங்கே என்பவர் 1990-ல் கம்பெனிக்காரர்களுக்காக எழுதிய புத்தகத்தில் இருந்து பரவியது. அப்புறம் கல்வித் துறை எடுத்துக்கொண்டது, வேல்ஸ் நாட்டில் 2017-ல் தங்கள் பள்ளிகளுக்கென்றே இப்படி ஒரு மாதிரியை வகுத்தார்கள். எனக்கு அந்தப் படங்களும் வட்டங்களும் அம்புக்குறிகளும் மண்டையில் ஏறுவதில்லை. நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: பிள்ளைகள் கற்றுக்கொள்வது இருக்கட்டும், இந்தப் பள்ளிக்கூடம் போன வருஷத்தைவிட இந்த வருஷம் எதையாவது கூடுதலாகக் கற்றுக்கொண்டிருக்கிறதா? நல்ல ஆசிரியர்கள் ஆறு பேர் இருக்கிற பள்ளியில்கூட இதற்குப் பதில் "இல்லை" என்பதாக இருக்கலாம், ஏனென்றால் ஆறு பேரும் ஆறு கதவுக்குப் பின்னால் இருக்கிறார்கள். ஒருத்தர் பத்து வருஷம் பாடுபட்டுக் கண்டுபிடித்ததைப் பக்கத்து அறைக்காரர் மறுபடி பத்து வருஷம் பாடுபட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதாக இருக்கிறது.

பள்ளிக்கூடம் மறந்துபோகிற விஷயத்துக்கு எங்கள் சுவரையே சாட்சிக்குக் கூப்பிடலாம். ஒன்று, இரண்டாம் வகுப்பு அறைகளில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் சுற்றிலும் கரும்பலகை இருக்கிறது. செயல்வழிக் கற்றல் காலத்தில் போட்டது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, நான்கைந்து வருஷத்தில் மாநிலம் முழுக்க வந்த திட்டம் அது. பாட அட்டைகள், எந்த அட்டைக்கு அடுத்து எந்த அட்டை என்று காட்டுகிற ஏணிப்படி, ஒவ்வொரு பிள்ளைக்கும் சுவரில் ஒரு துண்டு இடம். அப்போது நான் ஆசிரியர் பயிற்றுநராக வட்டார வள மையத்தில் இருந்தேன், ஊர் ஊராகப் போய் அட்டையை எப்படி அடுக்குவது என்று சொல்லிக்கொடுத்தவளே நான்தான். நல்ல நாளும் இருந்தது, அட்டை தொலைந்து ஏணி பாதியில் நின்ற நாளும் இருந்தது. பிறகு மெல்ல மெல்ல அது போய்விட்டது. அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை, எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எந்த அட்டை பிடித்தது என்று ஒரு பள்ளியிலாவது ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தால் காட்டுங்கள். 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது, கற்றல் நிலைப்படி, பின்தங்கியவர்கள் அரும்பு, அதற்கு மேலே மொட்டு, மலர் என்று பிள்ளைகளைக் குழுவாகப் பிரிக்கச் சொன்னபோது, பல பேர் புதுசாகப் பிரிப்பதுபோலப் பிரித்தோம். அந்தத் தாழ்வான கரும்பலகைக்குக் கீழே இப்போது புத்தகப் பை வைக்கிறார்கள். ஒரு மூலையில் மட்டும் இன்னமும் யாரோ ஒரு பிள்ளையின் பெயர் சுரண்டி எழுதியிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இந்நேரம் கல்யாணம் ஆகியிருக்கும்.

திட்டம் மறந்தால்கூடப் பரவாயில்லை. ஆள் மாறினால்தான் பெரிய நஷ்டம். மேற்கு மாவட்டங்களில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கமிருந்து புதிதாக வேலை கிடைத்து இங்கே வருகிற ஆசிரியர்கள் நிறைய. இடமாறுதல் கலந்தாய்வு அறிவிப்பு வந்தால் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் போவது நியாயம், அவர்களுக்கும் வயதான அப்பா அம்மா இருக்கிறார்கள். ஆனால் எந்தப் பிள்ளைக்கு இடது காது கேட்காது, எந்த வீட்டில் ஆத்தாள் மட்டும்தான் இருக்கிறாள், எந்தப் பாடத்தில் எல்லாரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுவார்கள் என்கிற கணக்கு முழுதும் அவர்கள் தலையோடு பஸ் ஏறிப் போய்விடுகிறது. பொறுப்பு ஒப்படைக்கும்போது மேசை எத்தனை, நாற்காலி எத்தனை, பீரோ சாவி எங்கே என்பதெல்லாம் கையெழுத்துப் போட்டு வாங்குகிறோம். இதை யாரும் கேட்டு வாங்குவதில்லை.

என் வகுப்பை நானே அடுத்தவர் பார்க்கக் கொடுத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் வகுப்பை இன்னொரு ஆசிரியர் பார்ப்பது என்றால் நம்மிடம் ஒரே அர்த்தம்தான், ஆய்வு. பாடக்குறிப்பு எங்கே, பதிவேடு எங்கே, பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல், கையெழுத்து, கிளம்பு. ஜப்பானில் நூறு வருஷத்துக்கும் மேலாக வேறு ஒரு வழக்கம் இருக்கிறது, ஜுக்யோ கென்க்யூ என்பார்கள். ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருத்தர் எடுக்க மற்றவர்கள் பின்னால் நின்று பார்ப்பார்கள். பார்ப்பது ஆசிரியரை இல்லை, பிள்ளைகளை. பிள்ளை எங்கே முழித்தது, எங்கே தலையாட்டியது, எங்கே பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியது என்று. அதைப் படித்தபோது இதற்குக் காசு பணம் எதுவும் வேண்டியதில்லையே, முதலில் என் வகுப்பில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. தலைமையாசிரியையே ஆரம்பிக்காவிட்டால் மற்றவர்கள் ஏன் ஆரம்பிக்கப் போகிறார்கள்?

ஏழாம் வகுப்புத் தமிழ். 28 பிள்ளைகள். எனக்கு நல்லாப் பாடம் எடுப்பேன் என்கிற கர்வம் உண்டு, மறைக்கவில்லை. அன்று இன்னும் கொஞ்சம் கூடவே நல்லா எடுத்தேன். சின்ன டீச்சர் பின்னால் உட்கார்ந்து ஒரு தாளில் என்னவோ கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் "டீச்சர், கோவிச்சுக்கக் கூடாதுங்க" என்று தாளை நீட்டினார். வகுப்பில் யார் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கட்டம். நான் யாரிடம் கேள்வி கேட்டேனோ அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. 40 நிமிஷத்தில் 23 புள்ளி. 23-உம் ஆறே ஆறு கட்டத்துக்குள். எல்லாம் ஜன்னல் பக்கத்து வரிசை, வெளிச்சம் விழுகிற பக்கம். மீதி 22 பிள்ளைகள் நாற்பது நிமிஷம் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்க வைக்கவில்லை. இத்தனை வருஷம் எத்தனை ஆயிரம் பிள்ளைகளை இப்படி நிழலில் உட்கார வைத்தேனோ.

கோபம் வந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுத்த நாள் அந்தத் தாளை ஆசிரியர் அறை சுவரில் ஒட்டினேன், ஒட்டியதில் கொஞ்சம் வீம்பும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அதற்கப்புறம்தான் மற்றவர்கள் கதவைத் திறந்தார்கள். ஒருத்தர் மட்டும் கடைசி வரை வரவில்லை. 4.25 அவிநாசி பஸ் என்றார். அவருக்காக நேரத்தை மதியத்துக்கு மாற்றினோம், அப்போதும் வரவில்லை. சரி, விட்டுவிட்டோம். எல்லாரும் வந்தால்தான் நடக்கும் என்று காத்திருந்தால் எதுவும் நடக்காது.

நேரம் எங்கே கிடைக்கிறது என்று எல்லாரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆன்லைனில் ஏற்றவேண்டியது, செயலியில் பதிவது, உணவுக் கணக்கு, இலவசப் பொருள் கணக்கு என்று போகிற நாளில் உட்கார்ந்து பேச நேரம் ஏது. நாங்கள் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை எடுத்துக்கொண்டோம். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுவார்கள், இரண்டு ஆசிரியர் சுற்றி வருவார்கள், மற்றவர்கள் உட்காருவோம், அடுத்த வாரம் முறை மாறும். மணி அடித்த பிறகு அரை மணி நேரம் எல்லாரும். டீயும் கடலைக்காயும் பள்ளிச் செலவில் இல்லை, முறை வைத்துக் கொண்டுவருவது. கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும், ஆனால் வேகவைத்த கடலைக்காய் இருந்த வாரமும் இல்லாத வாரமும் பேச்சே வேறு மாதிரி இருந்தது.

ஈராசிரியர் பள்ளிகளுக்கு இது ஆகாது. ஒருத்தர் பயிற்சிக்குப் போனால் இன்னொருத்தர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்கிற இடத்தில் உட்கார்ந்து பேச யார் இருக்கிறார்கள்? அதற்கு வழி 1964-66 கோத்தாரி குழு காலத்திலேயே சொல்லியாகிவிட்டது, பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் ஒரு உயர்நிலைப் பள்ளியைச் சுற்றிச் சேர்ந்து இயங்கட்டும் என்று. இன்றைக்குக் குறுவள மையம் என்று நாம் வைத்திருப்பது கிட்டத்தட்ட அதே யோசனைதான். ஆனால் அங்கே என்ன நடக்கிறது? மாநிலத்தில் நான்கு பேருக்குக் கொடுத்த பயிற்சி மாவட்டத்துக்கு வந்து, வட்டாரத்துக்கு வந்து, எங்களிடம் வரும்போது மூன்றாம் தண்ணி டீ மாதிரி ஆகியிருக்கும். பயிற்சி கொடுக்க வந்த கருத்தாளர் பவர்பாயிண்ட்டைப் பார்த்து வாசிப்பார், நாங்கள் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம். நானும் அப்படி வாசித்தவள்தான், அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதே நாளில் ஒவ்வொருத்தரும் தங்கள் பிள்ளைகளின் பத்துத் தாளை எடுத்து வந்து தரையில் பரப்பினால் போதும் என்று நினைக்கிறேன். பத்துப் பேர், நூறு தாள். அதற்குமேல் கருத்தாளர் எதற்கு?

சோமனூர்ப் பக்கம் ஒரு ஒறம்பரை வீட்டுக்கு, அதாவது சொந்தக்காரர் வீட்டுக்கு, போனால் இதெல்லாம் எடுபடாது. "அக்கா, நாமக்கல்லு பக்கம் பள்ளிக்கூடம் எல்லாம் பாத்தீங்களா, என்ன மார்க்கு!" என்பார்கள். பிராய்லர் பள்ளி என்று கிண்டல் செய்துகொண்டே தோட்டத்தை அடமானம் வைத்து அங்கே சேர்ப்பார்கள். என் தங்கை மகன் அப்படி ஒரு விடுதிப் பள்ளியில் படித்தான், பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரித்த தடமே இல்லாமல் பழைய பேப்பர் கடைக்குப் போட்டோம், ஏனென்றால் இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம்தான். இப்படி நடக்கிறது என்பது ஊருக்கே தெரிந்துதான் 2017-18-ல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள், 2017-லேயே முதலிடம் இரண்டாமிடம் அறிவிப்பதையும் நிறுத்தினார்கள். அப்போது கல்வி அமைச்சர் நம்ம கோபிச்செட்டிபாளையத்துக்காரர் செங்கோட்டையன். 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கை பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மறுபடி புத்தகம் பிரிக்காமல் கடைக்குப் போகுமா என்று பார்க்கவேண்டும்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும், வயிறு எரிந்தாலும். அந்தப் பள்ளிகளில் ஒவ்வொரு வாரத் தேர்வு முடிந்ததும் ஆசிரியர்கள் உட்கார்ந்து எந்தப் பிள்ளைக்கு எந்தக் கேள்வியில் அரை மார்க் போனது என்று பார்க்கிறார்கள். தங்கை மகன் சொன்னான். எதற்காகப் பார்க்கிறார்கள் என்பதில் எனக்குச் சண்டை உண்டு, பார்ப்பதில் இல்லை. நம்மில் எத்தனை பேர் தாளைத் திருத்தி மார்க் போட்டுப் பதிவேட்டில் ஏற்றிய பிறகு அந்தத் தாளை இன்னொரு தரம் எடுத்துப் பார்க்கிறோம்?

பெற்றோர் பக்கம் வருகிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், குழுவில் பாதி பெண்கள். காகிதத்தில் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. எங்கள் கூட்டமும் வெகு காலம் தீர்மானத்தை வாசித்து, கையெழுத்து வாங்கி, டீ கொடுத்து அனுப்புகிற கூட்டமாகத்தான் இருந்தது. ஒரு தடவை வீட்டுப்பாடம் எழுதி வருவதில்லை என்று நான் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தபோது, தறிக்குப் போகிற ஒரு அம்மா எழுந்து சொன்னார்: "டீச்சருங்க, எங்க ரெண்டு பேருக்கும் ராத்திரி ஷிப்டுங்க. எட்டு மணிக்குப் போனா காலையில எட்டு மணிக்குத்தான் வர்றோம். புள்ளைங்க ரெண்டும் கதவைச் சாத்திக்கிட்டுத் தனியாத்தான் படுத்திருக்கும். பயந்துக்கிட்டுத் தூங்காம கெடக்கற புள்ள எப்படிங்க எழுதும்?"

அந்தப் பிள்ளை முதல் பாடவேளையில் தூங்கி விழுகிறான் என்று இரண்டு வருஷமாக எங்களுக்குத் தெரியும். ஏன் என்று ஒருத்தருக்கும் தெரியாது. அப்படி எத்தனை வீடு என்று எண்ணினோம், 17 பிள்ளைகள். வீட்டுப்பாடத்தைப் பள்ளியிலேயே கடைசி அரை மணி நேரத்தில் முடித்துவிடுவது என்று மாற்றினோம். கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்துகிற மாதங்களில் குடும்பம் குடும்பமாக ஊரை விட்டுப் போய்விடுவார்கள், திரும்பி வரும் பிள்ளை எங்கே விட்டானோ அங்கிருந்து பிடிக்க ஒரு தாள் எழுதி வைக்கிறோம். இதையெல்லாம் எந்தப் பயிற்சியிலும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது, அந்த அம்மா எழுந்து நின்றதால் தெரிந்தது.

ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் விஷயமும் அப்படித்தான். அவனைக் கணக்கிலும் அரும்பு என்று போட்டிருந்தோம். ஒரு நாள் பள்ளிக்கு எதிர்க் கடையில் அப்பாவுக்காகச் சாமான் வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறையை விரல்கூட மடக்காமல் சொல்லி வாங்கினானாம், கடைக்கார அக்கா சத்துணவு அம்மாவிடம் சொல்லி, அவர் எங்களிடம் சொன்னார். கணக்கு வரும், தமிழில் எழுதிய கேள்விதான் வரவில்லை. எங்கள் பள்ளியில் இதைக் கண்டுபிடித்தது ஒரு மளிகைக் கடை. அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குச் சத்துணவு அம்மாவையும் கூப்பிடுகிறோம். எந்தப் பிள்ளை சாப்பிடவில்லை, எது யாரோடு சேர்ந்து உட்காருவதில்லை என்று எங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான் தெரியும்.

இப்போது நோட்டு. முதலில் அது நன்றாகத்தான் இருந்தது. என்ன தப்பு பார்த்தோம், என்ன மாற்றினோம், என்ன ஆச்சு, அவ்வளவுதான். ஆண்டாய்வுக்கு வந்த ஒரு மேலதிகாரி அதைப் பார்த்து மெய்யாகவே சந்தோஷப்பட்டார். அதுதான் வினை. அடுத்த மாதமே எல்லாப் பள்ளியும் வைக்கவேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது, 12 கட்டம் போட்ட படிவத்தோடு, நோட்டை வைத்துக்கொண்டு கூட்டம் நடத்துகிற போட்டோவும் அனுப்ப வேண்டுமாம். மூன்று மாதத்தில் எல்லாரும் கடைசித் தேதிக்கு முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து நிரப்ப ஆரம்பித்தார்கள். நாங்களும்தான். "சிறப்பாக நடைபெற்றது" என்று ஒரே கையெழுத்தில் நான்கு வாரம் எழுதியதை நானே பார்த்தேன், அந்தக் கையெழுத்து என்னுடையது.

அந்தப் பதிவேட்டை அதன் போக்கில் விட்டுவிட்டு, 80 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, பழைய குறிப்புகளை அதில் எடுத்தெழுதி, டீ டம்ளர் வைக்கிற அலமாரியில் வைத்துவிட்டோம். அதற்குப் பெயர் கிடையாது, எண் கிடையாது, யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. முதல் பக்கத்தில் சின்ன டீச்சர் விளையாட்டாக ஒரு அகராதி எழுதினார், வெளி மாவட்டத்திலிருந்து வருகிற ஆசிரியர்களுக்கு. அக்கட்டால என்றால் அந்தப் பக்கம். பொழுதோட வருவாங்க என்றால் சாயங்காலம்தான் வருவார்கள், காத்திருக்க வேண்டாம். ஒறம்பரை வந்துட்டாங்க என்றால் நாளைக்கும் பிள்ளை வராது. நோம்பி, அதாவது பண்டிகை, என்றால் மூன்று நாள்.

இந்த ஜூனில் எங்கள் மூன்றாம் வகுப்பு டீச்சர் மாறுதல் கிடைத்து காங்கேயம் பக்கம் போய்விட்டார். பதினொரு வருஷம் இருந்தவர். அவர் இடத்துக்குத் திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தர் வந்தார். முதல் நாளே நோட்டைக் கையில் கொடுத்தேன். அகராதியைப் படித்துச் சிரித்தார், மற்றதைப் படித்தாரா என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வாரம் டம்ளர் எடுக்கப் போனபோது நோட்டைப் புரட்டினேன். 42-லிருந்து 17 பக்கம். நான் முத்து முத்தாக எழுதி வைத்திருந்த "குச்சிக் கட்டில் ஆரம்பிக்கவும்" என்கிற வரியைச் சிவப்பு மையால் அடித்திருந்தது. எனக்குச் சுருக்கென்றது. என் எழுத்தை அடிக்க இவ்வளவு தைரியமா என்றுதான் முதலில் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. கீழே எழுதியிருந்தார்: "குச்சியை எண்ணுவதிலேயே பிள்ளைகள் தொலைந்துபோகிறார்கள். நான்கு பத்து ரூபாய்த் தாள், இரண்டு ஒரு ரூபாய்க் காசு கொடுத்தேன். கடையில் 17 ரூபாய் கொடுக்கணும், கடைக்காரரிடம் சில்லறை இல்லை, என்ன செய்வாய் என்றேன். ஒரு பத்தைச் சில்லறை மாத்தணும் என்று அவர்களே சொன்னார்கள். 26 பேரில் 22 பேர் 25 என்று எழுதினார்கள். கடன், கட்டு, இனமாற்றம் எதுவும் சொல்லவில்லை."

சில்லறை மாத்தறது. கடன் இல்லை, அதனால் திருப்பிக் கொடுக்கிற பேச்சே இல்லை. அந்தப் பெண் பிள்ளைக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய பதில். ஒடிசா பையன் கடையில் நின்று செய்துகாட்டியதும் இதே சில்லறைக் கணக்குதான், அதைப் பார்த்து நாங்கள் ஆச்சரியப்பட்டோமே தவிர, வகுப்புக்குள் கொண்டுவர ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கு 26 வருஷ சர்வீஸ்.

மீதி நான்கு பேர் என்ன எழுதினார்கள் என்று நோட்டில் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை அந்த நான்கு தாளையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கடலைக்காய் என் முறை.